சம்பளத்தோடு தொழிற்சாலைப் பயிற்சி: கொங்குப் பகுதிக் கல்லூரி மாணவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் வட்டாரத்தில் படிப்புக்கு நடுவே கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே சேர்த்திருக்கிறோம். புதியவர்கள் மேலிருந்து படிக்கவும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லாது.

கம்பெனிக்குப் போனா காசும் வரும், மார்க்கும் வரும்ங்கறாங்க. அது என்னதுங்க?

சில மாதம் வகுப்பு, சில மாதம் தொழிற்சாலை, மறுபடி வகுப்பு என்று மாறி மாறி நடக்கும் படிப்பு அது. கம்பெனியில் இருக்கும் மாதங்களுக்கு உதவித்தொகை கிடைக்கும். அங்கே செய்த வேலைக்குக் கல்லூரி மதிப்பெண்ணோ கிரெடிட்டோ போடும். 1906-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் ஆசிரியர் இந்த முறையைத் தொடங்கினார். நம் பக்கம் இது ‘சாண்ட்விச்’ படிப்பு என்ற பெயரில் பல ஆண்டுகளாக இருக்கிறது.

இதில் மூன்று தரப்பு உண்டு: கல்லூரி, கம்பெனி, மாணவர். என்ன வேலை, எவ்வளவு தொகை, எத்தனை மதிப்பெண் என்ற மூன்றும் கிளம்புவதற்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டாலும் அது வெறும் வேலையாகவோ வெறும் சான்றிதழாகவோ போய்விடும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த மூன்றைக் காப்பாற்றுவது பற்றியவைதான்.

சாண்ட்விச், இன்டர்ன்ஷிப், அப்ரண்டிஸ், ஐ.பி.டி. எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. ஐ.பி.டி. எனப்படும் இன்பிளான்ட் டிரெயினிங் ஒரு வாரம், பத்து நாள் பார்த்துவிட்டு வருவது. அதில் காசு வராது. பல இடங்களில் மாணவரிடமே கட்டணம் வாங்குவார்கள். இன்டர்ன்ஷிப் சில வாரம் முதல் ஒரு செமஸ்டர் வரை போகும். தொகை தருவதும் தராததும் கம்பெனியின் விருப்பம்.

சாண்ட்விச்சில் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் மூன்றரை ஆண்டு டிப்ளமோவில் நடுவே ஓர் அரையாண்டும் கடைசியில் ஓர் அரையாண்டும் தொழிற்சாலையில் கழியும். பீளமேடு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் பி.இ. சாண்ட்விச் ஐந்தாண்டுப் படிப்பு.

அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர், 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி அரசு இணையதளத்தில் பதிவாகும் ஒப்பந்தம். குறைந்தபட்சத் தொகை, விபத்து இழப்பீடு, புகாரை விசாரிக்க ஓர் அதிகாரி என எல்லாம் இதற்குத்தான் சட்டத்தில் இருக்கிறது. சாண்ட்விச் மாணவரும் இந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். ஆகவே கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: “எங்களை அப்ரண்டிஸ் தளத்தில் பதிவு செய்வீர்களா, வெறும் கடிதம் மட்டும் தருவீர்களா?”

மாசம் எவ்வளவு கிடைக்கும்?

சட்டப்படி பதிவானவர்களுக்கு 2019-இல் திருத்திய விதிகள் குறைந்தபட்சத்தை நிர்ணயித்தன. டிப்ளமோ சாண்ட்விச் மாணவருக்கு ரூ.7,000. பட்டப்படிப்பு சாண்ட்விச் மாணவருக்கும் டிப்ளமோ முடித்தவருக்கும் ரூ.8,000. பட்டதாரிக்கு ரூ.9,000. இது கீழ் வரம்பு மட்டும்தான், கம்பெனி அதிகமாகவும் கொடுக்கலாம். தொகை அவ்வப்போது மாற்றப்படும் என்பதால், கையெழுத்துப் போடும் மாதத்தில் தளத்தில் எது இருக்கிறதோ அதைப் பாருங்கள்.

பட்டதாரி, டிப்ளமோ அப்ரண்டிஸ்களுக்கான தேசியத் திட்டமான நாட்ஸில் குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. அதனால் “எங்களால் அவ்வளவு கொடுக்க முடியாது” என்று ஒரு சின்ன கம்பெனி சொன்னால், இந்தப் பாதியைப் பற்றி அவர்களுக்குத் தெரியுமா என்று கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலர் மூலம் கேட்டுப் பாருங்கள். பல பட்டறை முதலாளிகளுக்குத் தெரியாது.

வெறும் கடிதத்தில் போகும் இன்டர்ன்ஷிப்புக்கு இந்தக் கீழ் வரம்பு கிடையாது. பேசி முடித்ததுதான் தொகை.

எங்க காலேஜ்ல சாண்ட்விச் இல்லை. அதுவும் ஆர்ட்ஸ் காலேஜ். எனக்கு வழி இருக்கா?

இருக்கிறது. தொழிற்பழகுநர் பயிற்சியைப் பட்டப்படிப்புக்குள்ளேயே வைக்கப் பல்கலைக்கழக மானியக்குழு 2025-இல் நெறிமுறை வெளியிட்டது. மூன்றாண்டுப் பட்டத்தில் ஒன்று முதல் மூன்று செமஸ்டர் வரையும், நான்காண்டுப் பட்டத்தில் இரண்டு முதல் நான்கு செமஸ்டர் வரையும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். பி.காம்., பி.பி.ஏ., காஸ்ட்யூம் டிசைன் போன்ற படிப்புகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஆனால் கல்லூரி அதை ஏற்று நடத்தினால்தான் உண்டு. நீங்கள் தனியாகப் போய்க் கேட்டுப் பெற முடியாது.

பொறியியலில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி 2 வாரப் பயிற்சிக்கு 1 கிரெடிட், 4 வாரத்துக்கு 2, 6 வாரத்துக்கு 3. நம் பகுதியில் தன்னாட்சிக் கல்லூரிகள் அதிகம், ஒவ்வொன்றுக்கும் தனி விதிப் புத்தகம். சீனியர் சொன்னதை நம்பிப் போகாமல், உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு உரிய விதியைத் துறையில் வாங்கிப் படியுங்கள்.

எப்போ தேட ஆரம்பிக்கணும்? நல்ல கம்பெனின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பயிற்சி தொடங்கும் நாளுக்கு நான்கு மாதம் முன்பு. பெரிய கம்பெனிகளின் மனிதவளப் பிரிவு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைதான் ஆள் எடுக்கும். அந்த வாரத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். சின்ன கம்பெனிகளில் முதலாளியையே நேரில் பார்த்து முடிக்கலாம், அதற்கு ஒரு மாதம் போதும்.

30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் எதுவானாலும் தன் ஆள் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம். 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பம். ஆகவே கேட்பதற்குத் தயங்க வேண்டாம், பல இடங்களில் அவர்களுக்கே ஆள் தேவைப்படுகிறது. உங்கள் படிப்புக்கு ஏற்ற வட்டாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பம்பு, மோட்டார், ஃபவுண்டரி, டெக்ஸ்டைல் மெஷின் என்றால் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ, பெரியநாயக்கன்பாளையம். பின்னலாடை ஏற்றுமதி திருப்பூர். வீட்டு உபயோகத் துணியும் பஸ் பாடி கட்டுவதும் கரூர். லாரி பாடி நாமக்கல், போர் போடும் ரிக் வண்டி திருச்செங்கோடு. மென்பொருள் என்றால் சரவணம்பட்டி, டைடல் பார்க்.

நல்ல கம்பெனியா என்பதற்கு ஒரே சோதனை: “போன வருஷம் வந்த பயிற்சி மாணவர்கள் எந்தெந்த டிபார்ட்மென்டில் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். டக்கென்று பதில் வந்தால் அங்கே திட்டம் இருக்கிறது. “வாங்க, பார்த்துக்கலாம்” என்றால் நீங்கள் போகும் நாளில் எந்த மெஷினுக்கு ஆள் வரவில்லையோ அங்கே நிற்க வேண்டியிருக்கும்.

கிளம்புறதுக்கு முன்னாடி கையில என்னென்ன பேப்பர் இருக்கணும்?

கல்லூரி தந்த அனுமதிக் கடிதம். கம்பெனி தந்த ஏற்புக் கடிதம். சட்டப்படி என்றால் தளத்தில் பதிவான ஒப்பந்தத்தின் நகல், அதன் பதிவு எண்ணோடு.

கம்பெனிக் கடிதத்தில் இவை இருக்கின்றனவா என்று விரல் வைத்துப் படியுங்கள்: தொடங்கும் தேதி, முடியும் தேதி, மாதத் தொகை, எந்த நாளில் வங்கியில் போடுவார்கள், வேலை நேரம், வார விடுமுறை, இரவு ஷிப்ட் உண்டா இல்லையா, எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம், உங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரின் பெயர், கேன்டீனும் தங்குமிடமும் இலவசமா பிடித்தமா. கடைசி இரண்டும்தான் அதிகம் விடுபடும். ரூ.8,000 என்று சொல்லிவிட்டு, தங்க இடத்துக்கு ரூ.2,500, சாப்பாட்டுக்கு ரூ.2,000 என்று பிடித்தால் கையில் வருவது ரூ.3,500.

வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் இருக்க வேண்டும், அப்பா பெயரில் அல்ல. அதோடு ஆதார் இணைந்திருக்க வேண்டும். அரசின் பங்கு நேராகக் கணக்குக்கு வரும்போது, ஆதார் இணைக்காத கணக்கால் பணம் நிற்பதுதான் அடிக்கடி நடக்கும் கோளாறு. ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் இனிஷியல் வேறு வேறாக இருந்தாலும் பதிவு திரும்பி வரும். இதைச் சரி செய்ய வாரக்கணக்கில் ஆகும், முன்கூட்டியே பாருங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட் கொடு, ஐயாயிரம் டெபாசிட் கட்டுங்கறாங்க. கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. சரிபார்க்க ஒரிஜினலைக் காட்டலாம், அங்கேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகலில் ‘பயிற்சிக்காக மட்டும்’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். பயிற்சிக்குப் பணம் கேட்கும் இடம் சான்றிதழ் விற்கும் இடம், அவ்வளவுதான்.

பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகலைங்க. அனுப்பலாமுங்களா?

அனுப்பலாம். டிப்ளமோ மாணவர்களில் பலருக்கு முதல் பயிற்சியின்போது வயது நிரம்பியிருக்காது. ஒப்பந்தத்தில் பெற்றோரோ காப்பாளரோ கையெழுத்திட வேண்டும், பையன் கையெழுத்து மட்டும் செல்லாது. சட்டப்படி தொழிற்பழகுநருக்குக் குறைந்தபட்ச வயது 14. அபாயகரமான தொழில்கள் என்று வகுக்கப்பட்ட பிரிவுகளுக்கு 18. உலை, இரசாயனம், சாயப்பட்டறை சார்ந்த இடம் என்றால் பிறந்த தேதியைக் கம்பெனிக்கு முதலிலேயே சொல்லி, எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதல் வாரம் என்ன நடக்கும்? என்ன எடுத்துட்டுப் போகணும்?

பாதுகாப்பு வகுப்பு, அடையாள அட்டை, பஞ்சிங் பதிவு, பிரிவு பிரிவாகச் சுற்றிக் காட்டுவது. இரண்டாம் நாளிலிருந்தே ஷாப் ஃப்ளோரில் விட்டுவிடும் இடங்களும் உண்டு. இரும்பு மூக்கு வைத்த சேஃப்டி ஷூ, பாக்கெட்டில் அடங்கும் நோட்டு, பேனா, ஒரு பாட்டில் தண்ணீர். ஷூ கம்பெனி தருமா என்று முன்பே கேளுங்கள். தரும் இடத்திலும் உங்கள் அளவு வர ஒரு வாரம் ஆகலாம்.

லேத், டிரில்லிங் போன்ற சுழலும் மெஷினில் கையுறை போடாதீர்கள். கையுறை இருந்தால் பாதுகாப்பு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் சுழலும் ஜாப், அதாவது மெஷினில் மாட்டிய உலோகத் துண்டு, கையுறைத் துணியின் ஒரு நூலைப் பிடித்தால் கையையே இழுத்துவிடும். முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டனைப் போடுங்கள் அல்லது முழங்கைக்கு மேல் மடியுங்கள். துப்பட்டா, கழுத்துச் சங்கிலி, மோதிரம், கையில் கட்டிய கயிறு எல்லாம் லாக்கரில் இருக்கட்டும். கோயில் கயிறு என்பதால் கழற்ற மனம் வராது. பர்ஸில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நீளமான கூந்தலைக் கொண்டை போட்டுத் தொப்பிக்குள் விடுங்கள். சுருள் சுருளாக வரும் இரும்புச் சீவலைக் கையால் இழுக்காமல் கொக்கியால் எடுங்கள். ஃபவுண்டரியில் ஈரமான எதையும் உருகிய உலோகத்தின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. நீர் ஒரே நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே தெறிக்க வைக்கும்.

டைரி எழுதணுமாம். தினமும் என்னத்தை எழுதறது?

மதிப்பெண்ணில் பெரும்பங்கு இந்த டைரியிலும் அதன்மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வான வைவாவிலும்தான் இருக்கிறது. “இன்று சி.என்.சி. லேத்தில் வேலை பார்த்தேன்” என்று ஆறு மாதம் எழுதி வைப்பவரிடம் கேள்வி கேட்கவே முடியாது, மார்க்கும் போட முடியாது.

இப்படி எழுதுங்கள்: “25 மி.மீ. ஷாஃப்ட், டர்னிங். அனுமதித்த அளவு 25.00 முதல் 24.98 வரை. 40 பீஸில் 6 பீஸ் 25.01 வந்தது, எல்லாம் பகல் 11 மணிக்குப் பிறகு. ஆபரேட்டர் அண்ணன் இன்சர்ட் முனை தேய்ந்ததைக் காட்டினார். வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத்துக்கான திருத்தம்) 0.02 குறைத்தார், அடுத்த பீஸ் 24.99.” என்ன செய்தார்கள், என்ன அளவு, எங்கே தவறியது, ஏன், எப்படித் திருத்தினார்கள். ஐந்து வரி போதும்.

பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பயிற்சி என்றாலும் இதே முறைதான். “காம்பேக்டிங் முடிந்து வந்த சிங்கிள் ஜெர்சி, கேட்டது 180 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்). ரவுண்ட் கட்டரில் வெட்டிய 100 சதுர செ.மீ. துண்டு 1.74 கிராம், ஆக 174. பையரின் (துணி வாங்குபவரின்) வரம்பு 5 சதவீதம் என்பதால் பாஸ்.” இப்படி எழுதினால் வைவாவில் கேட்பதற்கு உள்ளே விஷயம் இருக்கிறது, சொல்வதற்கு உங்களிடமும் இருக்கிறது.

டைரியில் வாரம் ஒருமுறை கம்பெனி அலுவலரின் கையெழுத்து வாங்குங்கள். கடைசி வாரத்தில் மொத்தமாகக் கேட்டால், அவர் ஆடிட்டில் இருப்பார் அல்லது வேலையை விட்டே போயிருப்பார். கம்பெனியின் டிராயிங்கையும் விலைப்பட்டியலையும் போட்டோ எடுத்து ஒட்ட வேண்டாம். அது ரகசியக் காப்பை மீறுவது. படம் வேண்டுமென்றால் கையால் வரைந்து அளவை மாற்றிக் காட்டுங்கள்.

ரெண்டு மாசமா ஒரே மெஷின்லயே நிக்க வைக்கறாங்க. யாருகிட்ட சொல்றது?

முதலில் கடிதத்தில் பிரிவு வாரியாக என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உங்களைப் பார்த்துக்கொள்ளும் அலுவலரிடம் போய், “சார், செப்டம்பர்ல இருந்து குவாலிட்டின்னு போட்டிருக்கு, எப்போ மாத்துவீங்க?” என்று கேளுங்கள். பெரும்பாலும் இங்கேயே முடிந்துவிடும், ஏனென்றால் நடப்பது திட்டமிட்ட ஏமாற்றை விட மறதிதான் அதிகம். ஒரு வாரத்தில் நகரவில்லை என்றால் கல்லூரியின் பொறுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அவர் ஒரு முறை நேரில் வந்து போனால் நிலைமை மாறும்.

ஒரு மெஷினைச் சரளமாகக் கற்க மூன்று நான்கு வாரம் தேவைப்படும், ஆகவே பத்தாம் நாளிலேயே புகார் சொல்லாதீர்கள். ஆனால் கற்க எதுவும் மிச்சமில்லாத இடத்தில் இரண்டு மாதம் நிற்பது, சம்பளம் குறைவான தொழிலாளியாக உங்களை வைத்திருப்பது.

ஒன்றரை ஷிப்ட் பாருங்கறாங்க. காசு சேர்த்துத் தர்றாங்களாம். பார்க்கலாமா?

திருப்பூரில் காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருவது சாதாரணம். ஷிப்மென்ட் நெருங்கினால் இன்னும் நீளும். ஆனால் பதிவான தொழிற்பழகுநரை மிகைநேர வேலையில் போட, இந்தச் சட்டப்படி உள்ள அரசு அதிகாரியான தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி வேண்டும். அதுவும் பயிற்சிக்கோ பொதுநலனுக்கோ தேவை என்றால்தான் அவர் தருவார். “ஷிப்மென்ட் அவசரம்” அதில் வராது.

காசு தேவைப்படும் வீடுகள் உண்டு, அது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அரியர் பேப்பருக்குப் படிக்க முடியாது. களைத்த கையில்தான் தையல் மெஷின் ஊசி ஏறுகிறது. “காலேஜ் விதிப்படி எட்டு மணி நேரம்தான் சார்” என்று பொறுப்பாசிரியர் பெயரைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

பொண்ணை வெளியூர்க் கம்பெனிக்கு அனுப்பறோமுங்க. எதையெல்லாம் கேட்டுக்கணும்?

தங்குமிடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கம்பெனி விடுதியா, தனியார் விடுதியா, ஷிப்ட் முடிந்து திரும்ப வண்டி உண்டா, இரவு ஷிப்ட் உண்டா, விடுதியில் போன் வைத்துக்கொள்ளவும் விடுமுறையில் வெளியே போகவும் தடை உண்டா. தடை என்றால் அந்த இடம் வேண்டாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் பயிற்சி மாணவிகளுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அதன் உறுப்பினர் பெயர்கள் நோட்டீஸ் போர்டில் இருக்க வேண்டும். முதல் நாளே மகள் அந்தப் பலகையைப் பார்த்துக்கொள்ளட்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் தர வேண்டும். சின்ன பட்டறை என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் தரலாம். பயிற்சி மதிப்பெண் போய்விடுமோ என்ற பயத்தில் மாணவிகள் வாய் திறப்பதில்லை. மதிப்பெண்ணைப் பொறுப்பாசிரியர் பார்த்துக்கொள்வார், வேறு கம்பெனிக்கு மாற்றவும் முடியும் என்று பெற்றோர் முன்பே சொல்லி வையுங்கள்.

மில்லுல வேலை செஞ்சுட்டே டிகிரி படிக்கலாம், மூணு வருஷம் முடிச்சா மொத்தமா ஒரு தொகைங்கறாங்க. இதுவும் அதுதானே?

இல்லை. அது நூற்பாலை வேலை, படிப்பு தனியாக அஞ்சல் வழியில் நடக்கிறது. வேலைக்கும் பாடத்துக்கும் தொடர்பு கிடையாது, கல்லூரி அந்த வேலையைக் கவனிப்பதும் கிடையாது. மாதச் சம்பளம் முழுதாகக் கணக்குக்கு வந்து, விடுதியில் தடையில்லாமல், படிக்க நேரமும் தரும் மில்கள் இருக்கலாம். அது ஒரு வேலைவாய்ப்பு, அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் மாதாமாதம் கொஞ்சம் கொடுத்து, மிச்சத்தை மூன்றாண்டு முடிவில் மொத்தமாகத் தருகிறோம் என்றால் போகாதீர்கள். இரண்டே முக்கால் ஆண்டில் உடம்பு முடியாமல் திரும்பி வந்த பெண்ணுக்கு அந்த மொத்தத் தொகை கிடைப்பதில்லை.

நோம்பிக்கு ஊருக்குப் போகணும். லீவு போட்டா காசு பிடிப்பாங்களா?

பதிவான தொழிற்பழகுநருக்கு, அந்த நிறுவனம் மற்றவர்களுக்குத் தரும் விடுப்பும் விடுமுறையும் பொருந்தும். அதைத் தாண்டிப் போடும் லீவுக்குப் பிடிப்பார்கள். ஒரு நாளுக்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு வரும்: ரூ.8,000-ஐ 30-ஆல் வகுத்தால் ரூ.267, 26-ஆல் வகுத்தால் ரூ.308. எந்த எண்ணால் வகுப்பார்கள் என்று முன்பே கேளுங்கள்.

மாரியம்மன் நோம்பி, தீபாவளி, வீட்டுக் கல்யாணம் எல்லாவற்றையும் முதல் மாதமே தேதி போட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் போவதுதான் கெட்ட பெயர். கல்லூரியும் வருகைப்பதிவைப் பார்க்கும். விதியில் சொன்ன சதவீதம் குறைந்தால் பயிற்சியையே மறுபடி செய்ய வேண்டிவரும்.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., வரி எல்லாம் பிடிப்பாங்களா?

தொழிற்பழகுநர் சட்டத்தில் பதிவானவருக்கு பி.எஃப்.பும் ஈ.எஸ்.ஐ.யும் பொருந்தாது, ஆகவே பிடித்தம் இருக்கக் கூடாது. ஆண்டு முழுக்க ரூ.9,000 வாங்கினாலும் ரூ.1,08,000தான், வருமான வரி வரம்புக்குள் வராது. சில மென்பொருள் கம்பெனிகள் இன்டர்ன் தொகையில் 10 சதவீதம் டி.டி.எஸ். (முன்கூட்டியே கழிக்கும் வரி) பிடிக்கும். அதை வரிக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதற்கு உங்கள் பான் எண்ணைக் கம்பெனி சரியாகக் குறித்திருக்க வேண்டும்.

வேலையில கையில அடிபட்டா யாரு செலவு?

பதிவானவர் என்றால், பயிற்சியின்போது பயிற்சியால் ஏற்பட்ட காயத்துக்குக் கம்பெனி சட்டப்படி இழப்பீடு தர வேண்டும். ஈ.எஸ்.ஐ. இல்லை என்பதால் மருத்துவமனைச் செலவுக்குக் காப்பீடு எது என்று ஏற்புக் கடிதம் வாங்கும்போதே கேளுங்கள். பல கல்லூரிகள் மாணவர் விபத்துக் காப்பீடு வைத்திருக்கின்றன, அதில் தொழிற்சாலைப் பயிற்சி சேருமா என்று பாலிசித் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

அடிபட்டால் முதலுதவிப் பதிவேட்டில் அன்றே பெயர், நேரம், மெஷின் எழுதப்பட வேண்டும். “சின்ன வெட்டுதானே” என்று விடுவதால் மூன்று நாளில் சீழ் பிடித்த பிறகு, அது அங்கே பட்டதுதான் என்று காட்ட வழியில்லாமல் போகும். வெறும் கடிதத்தில் போனவருக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு தானாக வராது. மெஷின் வேலைக்குப் பதிவில்லாமல் அனுப்ப வேண்டாம் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

மூணு மாசமா ஸ்டைபெண்ட் வரலை. என்ன பண்றது?

விதிப்படி ஒரு மாதத் தொகை அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும். எந்தப் பங்கு நின்றிருக்கிறது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். கம்பெனியின் பங்கு வந்து அரசின் பங்கு வரவில்லை என்றால், கம்பெனி வருகைப்பதிவைத் தளத்தில் ஏற்றவில்லை அல்லது உங்கள் கணக்கில் ஆதார் இணைப்பு இல்லை. முதலாவதை மனிதவளப் பிரிவிலும் இரண்டாவதை வங்கிக் கிளையிலும் சரிசெய்யலாம்.

கம்பெனியே தரவில்லை என்றால், மின்னஞ்சலில் கேளுங்கள், வாயால் வேண்டாம். பிறகு பொறுப்பாசிரியர். அதற்கும் பிறகு, பட்டம், டிப்ளமோ சார்ந்த பயிற்சிக்குச் சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். ஒப்பந்தம் பற்றிய தகராறைத் தீர்க்கும் அதிகாரம் தொழிற்பழகுநர் ஆலோசகருக்கு உண்டு. ஒப்பந்தப் பதிவு எண், வங்கி அறிக்கை, வருகைப்பதிவு நகல் மூன்றும் சேர்த்து அனுப்புங்கள்.

முடிச்சதும் அங்கேயே வேலை கொடுத்தே ஆகணுமா? ரெண்டு வருஷம் பாண்டு போடச் சொல்றாங்களே?

கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, உங்களைச் சேர்ந்தே ஆக வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் பயிற்சிக்குப் பின் கம்பெனியில் வேலை பார்ப்பேன் என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருந்தால், அது இரு பக்கமும் கட்டும். நீங்கள் சேர வேண்டும், அவர்களும் தகுந்த வேலை தந்தாக வேண்டும். ஆகவே தனியாக ஒரு முத்திரைத்தாளில் உங்களை மட்டும் கட்டும் பாண்டை நீட்டினால், “இதை ஒப்பந்தத்திலேயே எழுதி, வேலைக்குச் சேர்ந்தால் சம்பளம் எவ்வளவு என்றும் போடுங்கள்” என்று கேளுங்கள். அதற்கு வரும் பதிலில் அவர்கள் எண்ணம் தெரிந்துவிடும்.

மாமா பட்டறையிலேயே பண்ணிக்கலாமா? வீட்டுக்குப் பக்கத்துல, சாப்பாட்டுக்கும் பிரச்சினை இல்லை.

கொங்குப் பகுதியில் வீட்டுக்கு ஒரு பட்டறை என்பதால் இந்தக் கேள்வி வராத ஆண்டே இல்லை. சில கல்லூரிகள் நெருங்கிய உறவினர் நிறுவனத்தை ஏற்பதில்லை, முதலில் அதைக் கேளுங்கள். ஏற்றாலும், கையெழுத்துப் போடுகிறவர் மாமாவாக இருக்கக் கூடாது. அங்கே உள்ள சூப்பர்வைசரோ போர்மேனோ மதிப்பிடட்டும். தொகையும் வங்கி வழியாக வரட்டும். ரொக்கத்தில் வாங்கினால் காட்ட ஆதாரம் இருக்காது.

எங்கள் கருத்து: முதல் பயிற்சியை வெளியிலும் இரண்டாவதை மாமா பட்டறையிலும் செய்யுங்கள். வெளியே பார்த்த அளவெடுப்பு முறையையோ ஸ்டோர் பதிவேட்டையோ கொண்டுவந்து மாமா பட்டறையில் புகுத்தினால், அதுவே நல்ல புராஜெக்ட்.

படிக்கறப்பவே அப்ரண்டிஸ் போயிட்டா, டிகிரி முடிச்சு மறுபடி போக முடியுமா? பி.எம். இன்டர்ன்ஷிப்புக்கும் போடலாமா?

நாட்ஸில் ஏற்கெனவே தொழிற்பழகுநராக இருந்தவரும் ஓராண்டுக்கு மேல் வேலை அனுபவம் உள்ளவரும் பட்டதாரிப் பயிற்சிக்குத் தகுதி இழக்கலாம். பாடத்திட்டத்துக்குள் நடக்கும் சாண்ட்விச் பயிற்சியை எந்த வகையில் பதிவு செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தது இது. ஒப்பந்தத்தில் ‘வகை’ என்ற கட்டத்தில் ‘சாண்ட்விச்’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியபோது முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கானதாக இருந்தது. கல்லூரியில் இருக்கும்போது அதற்கு விண்ணப்பிக்கும் முன் தகுதி விதியைப் பாருங்கள்.

பிடிக்கலைன்னா நடுவுல விட்டுட்டு வரலாமா?

வரலாம், சொல்லிவிட்டு வர வேண்டும். ஒப்பந்தத்தை முறைப்படி முடித்துத் தளத்தில் அப்படிப் பதிவாக வேண்டும். பேசாமல் நின்றுவிட்டால் உங்கள் பெயர் தளத்தில் ‘பயிற்சியில் உள்ளார்’ என்றே கிடக்கும், அடுத்த கம்பெனி பதிய முடியாது. அதுவரை செய்த வாரங்களைக் கல்லூரி கணக்கில் எடுக்குமா என்று விலகுவதற்கு முன்பே கேளுங்கள். பாதியில் மாறினால், பொதுவாக மிச்ச நாட்களை விடுமுறையில் நிரப்ப வேண்டிவரும்.

கனடா காலேஜ்ல கோ-ஆப் இருக்கு, அங்கே சம்பாதிச்சே ஃபீஸ் கட்டிடலாம்னு ஏஜென்ட் சொல்றார். நம்பலாமா?

வகுப்பும் சம்பள வேலையும் மாறி மாறி வரும் இதே முறைக்குத்தான் அங்கே கோ-ஆப் என்று பெயர், அது உண்மையான, நல்ல முறை. வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957-இலிருந்தே இதை நடத்துகிறது, நான்கு மாதம் வகுப்பு, நான்கு மாதம் வேலை என்று. ஆனால் கோ-ஆப் உள்ள படிப்பில் இடம் கிடைப்பது வேலை கிடைப்பது ஆகாது. ஒவ்வொரு பணிக்காலத்துக்கும் நீங்களே விண்ணப்பித்து, நேர்காணலில் மற்றவர்களோடு போட்டியிட்டு ஜெயிக்க வேண்டும். வேலை கிடைக்காத மாதங்களுக்கும் வாடகை உண்டு. வேலைக்காலம் படிப்பின் மொத்தக் காலத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

ஏஜென்டிடம் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேளுங்கள். கோ-ஆப் கட்டாயமா, விருப்பமா? அதில் நுழைய முதல் செமஸ்டரில் எத்தனை மதிப்பெண் வேண்டும்? கோ-ஆப்புக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு? வேலை கிடைக்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகுமா? பதிலைக் கல்லூரியின் சொந்தத் தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாண்டுக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் கோ-ஆப் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமலே கட்ட முடியும் என்றால் மட்டும் தோட்டத்துப் பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போங்கள்.